பென்சிலை மாற்றும் முன் காகிதத்தை மாற்றிப் பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பையன் பள்ளிக்கூடம் போன பிறகு தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து, அன்ரூல்டு நோட்டில் வட்டம், சிக்குக் கோலம், சின்னச் சின்ன வளைவுகள் என்று வரைந்து கலர் பென்சிலால் நிரப்புகிறாராம். கையில் 48 நிறப் பெட்டி இருக்கிறது. ஆனால் நிறம் திட்டுத்திட்டாக நிற்கிறது, நடுவில் வெள்ளைப் பொட்டுகள் தெரிகின்றன. அழுத்தித் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடுகிறது, அதற்கு மேல் எந்த நிறமும் ஏற மாட்டேன் என்கிறது. 120 நிறம் உள்ள வெளிநாட்டுப் பெட்டி வாங்கினால் சரியாகுமா, இப்படி வரைந்தால் பதற்றம் குறையும் என்கிறார்களே, அது உண்மையா என்பது கேள்வி.

பென்சிலைப் பற்றிக் கேட்டிருந்தாலும், குறை தன் கையிலா பொருளிலா என்பதுதான் அவர் மனதில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். கையில் குறை இல்லை, சகோதரி. நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் காகிதத்தால் வருபவை. வண்ணாரப்பேட்டைப் பக்கம் பல வருடமாகப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் இதே புகாரோடுதான் வருவார்கள், கையில் புதுப் பென்சில் பெட்டியும் இருக்கும். அந்த 120ஐ இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். கலர் பென்சிலின் உள்ளே இருப்பது நிறமி, அதைப் பிடித்துவைக்கும் மெழுகு அல்லது எண்ணெய், அப்புறம் களிமண் மாதிரி ஒரு நிரப்புப் பொருள். காகிதத்தின் மேல் கண்ணுக்கு எளிதில் தெரியாத மேடும் பள்ளமும் உண்டு. பென்சிலை ஓட்டும்போது மேடுகள்தான் அதைச் சுரண்டி எடுத்துக்கொள்கின்றன, பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கின்றன. உங்களுக்குத் தெரியும் வெள்ளைப் பொட்டுகள் அவைதான். நோட்டுக் காகிதமும் ஜெராக்ஸ் எடுக்கும் 75 ஜி.எஸ்.எம். காகிதமும் உருளைகளுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக்கப்பட்டவை. அவற்றில் பள்ளம் ஆழம் இல்லை. இரண்டு மூன்று பூச்சிலேயே மெழுகு நிரம்பிவிடும், மேலே பளபளப்பு வந்துவிடும், அடுத்த நிறம் மெழுகின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த நிலைக்கு வந்த காகிதத்தில் உலகத்தின் மிக விலையுயர்ந்த பென்சிலும் ஏறாது.

இதை நீங்களே பார்க்கலாம். இருட்டான அறையில் போன் டார்ச்சைக் காகிதத்தின் ஓரத்தில் படுக்கவைத்து வெளிச்சம் அடியுங்கள். நோட்டுக் காகிதம் கிட்டத்தட்ட சமதரையாகத் தெரியும். நல்ல டிராயிங் ஷீட் ஒன்றை வைத்து அதேபோல் அடித்தால் மேடு பள்ளங்கள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். அப்புறம் ஒரு பென்சிலை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஐந்து சின்னக் கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் ஒரு பூச்சு, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஐந்தாவதில் ஐந்து. ஒவ்வொரு பூச்சும் முந்தையதற்குக் குறுக்காக, அழுத்தாமல். எந்தக் கட்டத்தோடு நிறம் ஆழமாவது நின்றுவிடுகிறதோ, அந்தக் காகிதம் தாங்குவது அவ்வளவுதான். நோட்டில் இரண்டாவது மூன்றாவது கட்டத்திலேயே நின்றுவிடும். நல்ல காகிதத்தில் ஐந்தாவது கட்டத்திலும் இன்னும் இடம் இருக்கும்.

ஜி.எஸ்.எம். பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. மேற்பரப்பு எப்படி இருக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 300 ஜி.எஸ்.எம். அழைப்பிதழ் அட்டை கண்ணாடி மாதிரி இருக்கும், 150 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் என்ற ஓவியக் காகிதம் அருமையாக நிறம் வாங்கும். கனத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, காசு போட்டும் நிறம் ஏறவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒருநாள் போய் வாருங்கள். உங்கள் ஊரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம்தான். கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகித வியாபாரமும் அடைத்துக்கொண்டிருக்கும் தெரு. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால், கடைக்காரர் பெரிய ஷீட்டின் மூலையைத் தொட்டுப் பார்க்க விடுவார். வீட்டிலிருந்து இரண்டு பென்சில் எடுத்துப்போய், கேட்டுவிட்டு ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது உள்ளங்கை அகலத் துண்டுகள்தான், முழு ஷீட் எதற்கு? ஒன்று மட்டும் கவனம்: ஆர்ட் பேப்பர், ஆர்ட் கார்டு என்ற பெயரைக் கேட்டு ஓவியத்துக்கானது என்று நினைத்துவிடாதீர்கள். அது அச்சுக்கு உரியது, மேலே ஒரு பூச்சு கொடுத்து மெருகேற்றியிருப்பார்கள். பளபளப்பே இல்லாத மேட் ரகத்திலும் அந்தப் பூச்சு உண்டு. பென்சில் அதில் ஒட்டாது.

நீர்வண்ணக் காகிதத்தில் ஹாட் பிரஸ் வழவழப்பானது, கோல்டு பிரஸ் நடுத்தரச் சொரசொரப்பு, ரஃப் பெயருக்கேற்ற முரடு. நீங்கள் வரைவது நெருக்கமான வளைவுகள் என்பதால் கோல்டு பிரஸ்ஸில் கோடு மேட்டுக்கு மேடு தாவி உடைந்து தெரியும். மெல்லிய சிக்குக் கோலத்துக்கு அது சரிவராது. ஹாட் பிரஸ் அல்லது பிரிஸ்டல் என்ற கெட்டியான வரைதாள் பொருந்தும்; வழவழப்பு என்றாலும் நோட்டுக் காகிதத்தைவிட நிறம் பிடிக்கும். பிரிஸ்டலிலும் வழவழப்பான ஸ்மூத், லேசான சொரசொரப்புள்ள வெல்லம் (சாப்பிடும் வெல்லம் இல்லை, ஆங்கில vellum) என்று இரண்டு ரகம். பென்சிலுக்கு வெல்லம், பேனாவுக்கு ஸ்மூத். இரண்டும் கலந்து வரைவதாக இருந்தால் நான் வெல்லம் ரகத்தைத்தான் சொல்வேன்.

புதுச்சேரி ஆசிரமத்துக் கைத்தாள் மாதிரி பருத்தி நாரில் செய்த காகிதமும் ஒரு துண்டு வாங்கிப் பாருங்கள். தொட்டாலே பிடித்துப்போகும். ஆனால் கைத்தாளில் ஒரு ஷீட் மாதிரி இன்னொன்று இருக்காது. துணிக்குக் கஞ்சி போடுவதுபோலக் காகிதத்துக்கும் ஸ்டார்ச்சோ ஜெலட்டினோ ஏற்றுவார்கள். அது குறைவாக இருந்தால் பேனா மை நாரோடு ஓடிப் பரவிவிடும். மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, மையின் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கோலத்தை ஆரம்பிக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், உங்கள் தண்டையார்பேட்டை எல்லாம் கடலை ஒட்டிய ஊர்கள். காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை மாதங்களில் நோட்டைத் திறந்தால் பக்கங்கள் நமத்துப்போய் இருக்கும். நமத்த காகிதத்தில் நார் உப்பி மெத்தென்று ஆவதால் பென்சில் நிறம் விடுவதற்குப் பதில் பள்ளம் போடுகிறது. அந்தப் பள்ளத்துக்குள் பிறகு நிறம் போகாது, கோடு கோடாக வெளுப்பாகத் தெரியும். "போன மாதம் நன்றாக வந்ததே, இப்போது ஏன் வரவில்லை" என்று வகுப்பில் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பதில் இதுதான். வெட்டிய துண்டுகளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடுங்கள். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போடலாம், அது பையன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். வரையும்போது உள்ளங்கைக்குக் கீழே ஒரு வெற்றுத் துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கை வியர்த்து ஈரமாகும் இடத்தில் நிறம் ஏறாது.

சரி, பென்சிலுக்கு வருவோம். மாணவர்களுக்கென்று விற்கும் பெட்டிகளில் நிரப்புப் பொருள் கூடுதல், நிறமி குறைவு. அதனால் வெளிறித்தான் வரும், அது உண்மை. ஓவியர்களுக்கான பென்சிலில் இரண்டு குணம் உண்டு. பிரிஸ்மாகலர் பிரீமியர் மாதிரி மெழுகு ரகம் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் நிறம் விடும், முனை சீக்கிரம் மழுங்கும். ஃபேபர் காஸ்டெல் பாலிக்ரோமோஸ் மாதிரி எண்ணெய் ரகம் கொஞ்சம் கெட்டி, கூர் நிற்கும். கோலத்தின் ஒடுக்கமான மூலைகளுக்குள் போக வேண்டிய உங்களுக்கு எண்ணெய் ரகம் தோது. மெழுகு ரகத்தைக் கனமாகப் பூசினால் சில வாரத்தில் மேலே வெள்ளைப் படலம் பூக்கும். பூஞ்சை என்று பயந்துவிடாதீர்கள், மெழுகுதான் மேலே வருகிறது. மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். வாங்கும்போது தண்ணீரில் கரையும் ரகமா என்று பெட்டியில் பார்த்துவிடுங்கள். தூரிகைப் படம் அச்சடித்திருந்தால் அது வாட்டர்கலர் பென்சில், வியர்வை பட்டாலே இழுவும். இன்னொரு விஷயம், எந்தக் கலர் பென்சிலையும் கீழே போடாதீர்கள். சாதாரண பென்சில் முனையைச் சூளையில் சுடுவார்கள், கலர் பென்சில் முனையை அப்படிச் சுடுவதில்லை. விழுந்தால் உள்ளே உடைந்துவிடும், சீவச் சீவத் துண்டாக விழும்.

நிறம் மங்குவதையும் யோசியுங்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும் பல கம்பெனிகளில் சீக்கிரம் வெளுக்கும். ஃபேபர் காஸ்டெல் பென்சிலின் மேல் நட்சத்திரக் குறி இருக்கும், மூன்று நட்சத்திரம் என்றால் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். குறி இல்லாத பென்சிலுக்கு, ஒரு பட்டையில் எல்லா நிறத்தையும் பூசி, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு மாதம் ஒட்டிவைத்தால் தானே தெரிந்துவிடும். நோட்டுக்குள் மூடியே இருக்கும் படத்துக்கு இந்தக் கவலை வேண்டாம்.

எத்தனை நிறம் வேண்டும்? உங்கள் சிக்குக் கோலத்துக்கு இரண்டு போதும். இதை நான் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. கோடு எங்கும் அறுபடாமல் மூடியிருந்து, குறுக்கிடும் இடத்தில் இரண்டு கோடு மட்டும் சந்தித்தால், பக்கத்துப் பக்கத்து அறைகள் ஒரே நிறமாகாமல் முழுக் கோலத்தையும் இரண்டே நிறத்தில் நிரப்பிவிடலாம். கோலம் எவ்வளவு பெரிதானாலும் இது பொய்க்காது, கணக்கு அப்படி. புள்ளியைச் சுற்றி வளைத்துப் போகும் வழக்கமான கோலத்தில் இது இன்னும் எளிது: புள்ளி உள்ள அறைக்கு ஒரு நிறம், புள்ளி இல்லாத அறைக்கு இன்னொரு நிறம். எங்காவது ஒரே நிறம் ஓரம் பகிர்ந்து ஒட்டிக்கொண்டால் கோட்டில் ஒரு வளைவு தவறியிருக்கிறது என்று அர்த்தம். நம் வாசல் கோலத்துக்குள் இப்படி நிறையக் கணக்கு ஒளிந்திருக்கிறது. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1970களிலேயே கோலத்தை இலக்கண விதிகளாக எழுதிக் கணினி ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

என்ன வரையலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரிக் ராபர்ட்ஸும் மரியா தாமஸும் உருவாக்கிய ஸென்டாங்கிள் என்ற முறை இன்று இணையம் முழுக்க இருக்கிறது. மூன்றரை அங்குலச் சதுரத் துண்டு, மூலைகளில் நான்கு புள்ளி, உள்ளே ஒரு நெளிகோடு, அது பிரிக்கும் இடங்களில் திரும்பத் திரும்ப ஒரு வடிவம், அழிரப்பர் கிடையாது. நல்ல முறை. ஒரே உட்காரலில் முடியும் அளவுக்குச் சின்னத் துண்டு என்பது அதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் பழக்கம் நம் வீட்டுப் பெண்களின் விரலில் ஏற்கெனவே இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் வாசல்படிக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது, அதற்குள்ளும் மார்கழியில் ஐந்து புள்ளிக் கோலம் நெளிந்து உட்கார்ந்திருக்கும். அந்தக் கை உங்களுக்கு இருக்கும்போது, வேறு யாரோ கோடு போட்டு அச்சடித்த மண்டலா என்ற வட்டக் கோலப் புத்தகத்தை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. கோட்டை நீங்களே இழுக்கும்போது அடுத்த புள்ளியை எந்தப் பக்கம் சுற்றுவது என்பதில் புத்தி முழுக்க நிற்கிறது. கேஸ் பில்லும் பையனின் மார்க்கும் அந்தச் சில நிமிடம் உள்ளே வர இடம் இல்லை.

பேனாவால் கோடு போடுவதாக இருந்தால், கோட்டை முதலில் போட்டு நன்றாகக் காயவிட்டுப் பிறகு பென்சில். மெழுகின் மேல் பேனா ஓட்டினால் மை திக்கும், நிப்பும் அடைத்துக்கொள்ளும். வாட்டர்ப்ரூஃப் நிறமி மையாக இருக்கட்டும். நிரப்பும்போது முனையைக் கூராகச் சீவிக்கொண்டு, பென்சிலைக் கொஞ்சம் பின்னால் பிடித்து, கடுகளவு வட்டங்களாகச் சுற்றிச் சுற்றிப் போங்கள். கூர்முனைதான் பள்ளத்துக்குள் இறங்கும், மழுங்கியது மேட்டிலேயே நின்றுவிடும். மூன்று நான்கு பூச்சுக்குப் பிறகு கடைசியாக வெள்ளை அல்லது சந்தன நிறத்தால் அழுத்தித் தேய்த்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து வழவழப்பாகும். அழுத்தம் அப்போதுதான், அதற்கு முன்பு வேண்டாம்.

பதற்றம் குறையுமா என்பதில் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். நான் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன், மருத்துவன் இல்லை. 2005இல் அமெரிக்காவில் கரி, கேசர் என்ற இருவர் 84 மாணவர்களிடம் சோதித்தார்கள். மண்டலாவுக்கும் கட்டம் போட்ட வடிவத்துக்கும் நிறம் தீட்டியவர்களின் பதற்றம் குறைந்தது. வெறும் காகிதத்தில் விருப்பம்போல் தீட்டியவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. 2012இல் வேறு இருவர் அதைத் திரும்பச் செய்தபோது மண்டலா கட்டத்தைவிட நன்றாக வேலை செய்தது. 2016இல் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் ஏதாவது ஒரு கலைவேலை செய்யச் சொல்லி எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்னனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கலைவேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்த ஒரு குழு ஒப்பிட அங்கே இல்லை. ஆகவே, ஒழுங்கான வடிவத்தில் கொஞ்ச நேரம் கை ஓடினால் அந்தச் சமயத்துக்கு மனம் இறங்கும் என்பதை நம்பலாம். வட்டத்துக்கென்று தனிச் சக்தி இருக்கிறதா, பலன் மாதக்கணக்கில் நிற்குமா என்பவை இந்த ஆய்வுகளால் தீர்ந்துவிடவில்லை. இன்ன நிறம் இன்ன உணர்ச்சியைக் குணமாக்கும் என்று சொல்லி வகுப்பு நடத்துகிறவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் பதற்றம் அரை மணி நேரம் வரைந்ததும் அடங்கி, அன்றாட வேலை ஓடுகிறது என்றால் தொடர்ந்து வரையுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, படபடப்பு நிற்கவில்லை என்றால் பென்சிலோடு நிறுத்திக்கொள்ளாமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள், உங்களுக்குப் பக்கம்தான். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கூப்பிட்டும் பேசலாம், கட்டணம் இல்லை.

இப்போது வாங்க வேண்டியது இவ்வளவுதான்: ஹாட் பிரஸ், வெல்லம் பிரிஸ்டல், கார்ட்ரிட்ஜ், கைத்தாள், அழைப்பிதழ்க் கடையின் பூச்சில்லாத அட்டை, வகைக்கு ஒரு துண்டு. ஐந்திலும் ஒரே கோலம், ஒரே இரண்டு பென்சில், ஒரே எண்ணிக்கைப் பூச்சு. பின்னால் காகிதத்தின் பெயர், கடை, தேதி எழுதிவையுங்கள். மழைக்காலத்தில் இன்னொரு முறை செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் காகிதம் எது என்று தெரிந்த பிறகு, ஓவியப் பொருள் கடையில் தனித்தனியாக விற்கும் நல்ல பென்சிலில் ஒரு அடர்நீலமும் ஒரு காவியும் வாங்குங்கள். அடுத்த மாதம் ஒரு மஞ்சள், ஒரு பச்சை என்று சேர்க்கலாம். பழைய 48ஐத் தூக்கிப் போட வேண்டாம். நல்ல காகிதத்தில் முதல் இரண்டு பூச்சுக்கு அந்தப் பென்சில்களே போதும், மேல் பூச்சுக்கு மட்டும் புதியவற்றை எடுங்கள். கறுப்புக் காகிதத்தில் வரைய ஆசை வந்தால் மட்டும் அந்தப் பெட்டியை நம்பாதீர்கள். நிறமி குறைந்த பென்சில் கறுப்பின் மேல் தெரியாது. அங்கே நல்ல வெள்ளைப் பென்சில் ஒன்று அடியில் பூசிவிட்டுத்தான் மற்ற நிறம்.